கனகுவின் அப்பா ஏன் வரவில்லை

வேங்கிக்கால், திருவண்ணாமலை
8.6.2025

அன்புள்ள மகள் அருணாதேவிக்கு,

உன் அப்பா சுப்பன் தன் கையால் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை மாறனும் பேத்தி இனியாவும் சுகமா? எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

தன் கையால் என்று எழுதிவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எழுபத்திரண்டு வயதில் இந்த வரியை எழுதுவேன் என்று நான் நினைக்கவில்லை. எட்டு மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறேன். கோயில் குருக்கள் வீட்டு அபீதகுஜாம்பாள் டீச்சர் சொல்லித் தருகிறார்.

செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுசில் முப்பது வருஷம் வாட்ச்மேனாக இருந்தேன் அல்லவா, அங்கே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும். சாமி பெயர் என்று நினைத்து தினமும் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவேன். போன வாரம் போய்ப் படித்தேன். "செருப்பை இங்கே விடவும்" என்று இருக்கிறது. தனியாக நின்று சிரித்தேன்.

டீச்சர் சொல்கிறார், "சும்மா வுட்டா மறந்துடும் தாத்தா. லெட்டர் எழுதுங்க, கதை படிங்க." நீ சிவகாசியில் பைண்டிங் ஆபீசில் வேலை செய்கிறாய். எனக்கு ஒரு கதைப் புத்தகம் அனுப்பு.

தீபத்துக்கு வா அம்மா. பதினாலு வயதில் வீட்டை விட்டுப் போனவள். அதற்குப் பிறகு உன் அம்மா ராணியம்மாள் செத்த அன்று ஒரு பகல்தான் வந்தாய். ஒரு ராத்திரி எங்களோடு தங்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். உன் அண்ணன் பாலாஜியும் கேட்டான்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.
சுப்பன்


சிவகாசி
29.6.2025

அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்கள்.

கடிதம் கிடைத்தது. கெட்டி அட்டைப் புத்தகம் உங்கள் கைக்குக் கனமாக இருக்கும். அதனால் தைக்காத பாரமாக அனுப்புகிறேன். பதினாறு பக்கம் ஒரு பாரம். அச்சில் கொஞ்சம் சாய்ந்துபோனதால் கழித்துப் போட்டார்கள், படிக்க ஒன்றும் தடை இல்லை. மொத்தம் பதினோரு பாரம். நான் படித்து முடித்ததை ஒவ்வொன்றாக அனுப்புவேன். இரண்டு பேரும் படித்ததைப் பற்றி எழுதிக்கொள்ளலாம்.

கனகு என்ற பெண்ணின் கதை. ஒன்பது வயதில் தொடங்குகிறது. உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். யாரையும் கேட்டு எழுத வேண்டாம்.

தீபத்துக்கு வர முடியாது. அதைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

அருணாதேவி


வேங்கிக்கால்
17.7.2025

அன்பு மகளுக்கு,

நீங்கள் எல்லாரும் திடமாக இருக்க அண்ணாமலையாரைக் கேட்டுக்கொள்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

பதினாறு பக்கத்தைப் பதினோரு நாளில் படித்தேன். முதல் பக்கத்துக்கே மூன்று நாள். அதற்குப் பிறகு வண்டி ஓடிவிட்டது. பாலாஜி பார்த்துவிட்டு, "இன்னாப்பா, வேலைக்கு எதனா அப்ளிகேஷன் போடப்போறியா?" என்கிறான். மருமகள் சினேகா, "மாமாவுக்கு டீ வச்சா ஆறிப்போவுது, புக்குக்கு வச்சா குடிக்கும்" என்கிறாள். சொல்லட்டும்.

தாய் செத்துவிடுகிறாள். அப்பன் கனகுவைக் கொண்டுபோய் அவள் அத்தை வீட்டில் விடுகிறான். "பொங்கலுக்குள்ள வந்துடறேன்" என்று தலையைத் தடவிவிட்டுப் போகிறான். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம் அந்த அப்பன். பெண்ணை விட்டுவிட்டுப் போகிறவனுக்குத்தான் வலி தெரியும். வெறும் எழுத்து ஒரு மனிதனை அழவைக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்த பாரத்தைச் சீக்கிரம் அனுப்பு.

உன் அப்பா
சுப்பன்


சிவகாசி
3.8.2025

அப்பாவுக்கு,

நாங்கள் நலம். இத்துடன் இரண்டு, மூன்று, நான்காம் பாரங்கள்.

உங்கள் கடிதத்தை எங்கள் ஆபீசில் மடிப்பு வேலை செய்யும் பெண்களிடம் படித்துக் காட்டினேன். எல்லாரும் இந்தக் கதையை வேலையோடு வேலையாகப் படித்தவர்கள். முத்துமாரி அக்கா சொன்னாள், "விட்டுட்டுப் போனவனுக்கு வலியாம்ல. விடப்பட்டவ என்ன கல்லா? எத்தனை பொங்கல் போச்சுன்னு உங்கப்பாவை எண்ணச் சொல்லுடி."

நானும் அதையேதான் கேட்கிறேன். மூன்றாம் பாரத்தில் கனகுவுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று பொங்கல் போய்விட்டது. அப்பன் இன்னும் உங்களுக்குப் பாவம்தானா?

அருணாதேவி


வேங்கிக்கால்
24.8.2025

அன்பு மகளுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? பசை வாசனை நெஞ்சுக்கு ஆகாது என்று டீச்சர் சொன்னார். எனக்கு மாத்திரை ஜாஸ்தி, வலி கம்மி.

மூன்று பாரமும் முடிந்தது. வகுப்பில் பெரிய சண்டை. நான் எழுந்து நின்று, "அவனுக்கு வர முடியாம ஏதோ ஆயிருக்கும், அவசரப்பட்டுத் திட்டாதீங்க" என்றேன். ஆட்டோ ஓட்டிய ராமன் இருக்கிறானே, அவன், "யோவ், மூணு வருஷத்துல ஒரு பஸ் கூடவா கெடைக்கல? நீ இன்னாத்துக்கு அவனுக்கு வக்காலத்து வாங்கற?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தான். டீச்சருக்கும் சிரிப்பு. கதை படித்துச் சண்டை போடும் மனிதனாக ஆகிவிட்டேன் பார், எனக்கு அதிலேயே சந்தோஷம்.

நான்காம் பாரத்தில் கனகு அப்பனுக்குக் கடிதம் எழுதுகிறாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ சென்னையில் திருமலை மாமா வீட்டில் இருந்தபோது எழுதிய கடிதங்களை உன் அம்மா தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் பாலாஜிதான் படித்துக் காட்டுவான். உன்னை ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள், மாமி நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள் என்று கேட்டு அம்மா பூரித்துப்போவாள். இனி அவற்றை நானே படிக்கலாம்.

உன் அப்பா
சுப்பன்


சிவகாசி
30.8.2025

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இப்போது எனக்கு மனசு இல்லை. உங்கள் கடிதம் நேற்று வந்தது.

ஸ்கூலா? நான் எந்த ஸ்கூலில் சேர்ந்தேன்? திருமலை மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், படிக்கவைக்கிறேன் என்று கூட்டிப்போனார். மூன்று வருஷம் அவருடைய இரட்டைப் பிள்ளைகளைத் தூக்கினேன், பாத்திரம் தேய்த்தேன். ஒரு நாள் கூடப் பள்ளிக்கூட வாசலைப் பார்க்கவில்லை. மாமி கரண்டியால் வைத்த சூடு இன்னும் என் இடது கையில் இருக்கிறது.

நான் எழுதியது ஒன்பது கடிதம். ஒன்பதிலும் ஒரே விஷயம்தான், வந்து கூட்டிட்டுப் போங்க என்று. நீங்கள் வரவில்லை. பதினேழு வயதில் பக்கத்து வீட்டு வேலைக்காரியோடு சிவகாசிக்கு வந்தேன். நீங்களும் அம்மாவும் எல்லாம் தெரிந்தும் வரவில்லை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியைத் திறந்து நீங்களே படியுங்கள். பாலாஜியிடம் கொடுக்காதீர்கள். படித்துவிட்டு உடனே பதில் எழுதுங்கள்.

அருணாதேவி


வேங்கிக்கால்
12.10.2025

அன்பு மகள் அருணாவுக்கு,

உன் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆறு வாரம் ஆகிவிட்டது. ஒன்பது கடிதத்தையும் படித்துவிட்டேன்.

முதல் கடிதத்தில் உன் எழுத்து குண்டு குண்டாக இருக்கிறது. கடைசியில் சின்னதாகிவிட்டது. "அப்பா, அடுப்பு மேடைக்குக் கீழேதான் படுக்கிறேன், கரப்பான் பூச்சி காதுல போகுது, புஸ்தகம் இன்னும் வாங்கல" என்று எழுதியிருக்கிறாய். அதை நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். வேகமாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு தடவைதான் சுடும்.

பாலாஜியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கடிதத்தை அவன் முன்னால் போட்டேன்.

"இதுல ஸ்கூல்னு எங்கடா இருக்குது?"

"அது இருபத்தஞ்சு வருசம் ஆயிப்போச்சுப்பா."

"எங்கடா இருக்குதுன்னு கேட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. அவனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தது அதே திருமலை மாமாதான். உன்னைக் கூட்டி வந்துவிட்டால் இடம் போய்விடும் என்று பயந்திருப்பான். அதனால்தான் மாற்றிப் படித்தான்.

எனக்குப் படிக்கத் தெரியாது அருணா. என்ன படித்தானோ அதைத்தான் கேட்டேன்.

உன் அப்பா
சுப்பன்


சிவகாசி
24.10.2025

அன்புள்ள அப்பா,

எப்படி இருக்கிறீர்கள்? முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், மாறன் வாங்கியது. சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுத் தடவுங்கள்.

தீபாவளி அன்று உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இனியா பயந்துவிட்டாள். "தாத்தாவுக்குத் தெரியாதாம்டி, தாத்தாவுக்குத் தெரியவே தெரியாதாம்" என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்பா, அம்மாவுக்கும் தெரியாதா? பாலாஜி படித்ததை நம்பித்தான் இருந்தாளா? அவள் செத்த அன்று எல்லாரும் வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். நான் கையை மூடிக்கொண்டு நின்றேன். பெற்றவளுக்கே போடமாட்டேன் என்கிறாளே என்று ஊர் பேசியது. எல்லாம் தெரிந்தும் சும்மா இருந்தவளுக்கு ஏன் போட வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அது நெஞ்சில் நிற்கிறது. ஆனாலும் உங்கள் இருவரையும் திரும்பப் பெற்றதுபோல இருக்கிறது.

பாலாஜியோடு நான் பேசமாட்டேன். உங்களுக்காக வருகிறேன். தீபத்துக்கு முதல் நாள் காலையில் நானும் இனியாவும் அங்கே இருப்போம். டிக்கெட் எடுத்துவிட்டேன். மீதிப் பாரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். நான் வருவதற்குள் முடித்து வையுங்கள், நேரில் சண்டை போடலாம்.

உங்கள் மகள்
அருணா


வேங்கிக்கால்
14.11.2025

அன்பு மகள் அருணாவுக்கு,

தைலம் வந்தது. வலி குறைந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். நீ வருகிறாய் என்று சினேகா மேல் அறையைக் கழுவி விட்டிருக்கிறாள்.

கதையை முடித்துவிட்டேன். என் வாழ்நாளில் முழுதாகப் படித்த முதல் புத்தகம். வகுப்பில் கை தட்டினார்கள்.

பத்து வருஷம் கழித்துக் கனகுவின் அப்பன் வருகிறான். காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்கிறான். அவன் கிடக்கவில்லை, அடுத்த ஊரில்தான் இருந்தான். படிக்கிற நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் நம்பிவிடுகிறாள். இலை போட்டு, சோறு போட்டு, விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறாள். அவன் சாப்பிடுகிறான். அதோடு கதை முடிகிறது. ராமன், "கல்லு மனசுக்காரன்யா, எப்படி எறங்குது அவனுக்கு?" என்றான். இந்தத் தடவை நான் வக்காலத்து வாங்கவில்லை.

அருணா, உன் மூன்றாவது கடிதத்தைப் பாலாஜி படிக்கவில்லை. அதைத் தபால்காரர் இளஞ்செழியன் கெஸ்ட் ஹவுஸ் வாசலில் என்னிடமே கொடுத்தார். நீயே படியேன் என்றேன். நின்றபடியே படித்தார். கரண்டிச் சூடு அந்தக் கடிதத்தில்தான் இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யோவ், இன்னிக்கே பஸ் ஏறுய்யா. போய்ப் புள்ளைய இட்டுனு வா" என்றார். சரி என்றேன்.

அடுத்த வாரம் பாலாஜிக்கு இடம் கிடைப்பதாக இருந்தது. ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். இடம் கிடைத்தது. அவன் சேர்ந்து கொஞ்ச நாள் ஆகட்டும் என்று நினைத்தேன். அப்புறம் பரீட்சை. அப்புறம் அடுத்த வருஷம்.

அந்தக் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாலாஜியிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்தாள். அவன் ஸ்கூல், மாமி, நல்ல சாப்பாடு என்று படித்தான். உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாற்றிப் படிக்கிறான் என்றும் தெரியும். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த எல்லாக் கடிதத்தையும் அவனிடமே கொடுத்தேன். அவன் மாற்றிப் படிப்பான் என்பதால்தான் கொடுத்தேன்.

போன மாதம் அவன் தலையைக் குனிந்துகொண்டான் என்று உனக்கு எழுதினேன். அதற்கு முன்னால் ஒன்று சொன்னான். "நீ இன்னா கேக்க ஆசப்பட்டியோ அதத்தாம்பா படிச்சேன்." அதை நான் எழுதாமல் விட்டேன். பழி அவன் மேலேயே நிற்கட்டும் என்று இருந்தது.

அம்மாவுக்குத் தெரியாது. எம்பொண்ணு மெட்ராஸ்ல படிக்கிறா என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நீ அந்த வீட்டை விட்டுப் போனதும், இவ்வளவு செய்தவர்களை விட்டுட்டு ஓடிட்டாளே என்று உன்னைத் திட்டித் திட்டி அழுதாள். சாகும்வரை நான் சொல்லவில்லை.

உன்னை இலை போடவைத்துச் சாப்பிட என்னால் முடியாது. அதனால் எழுதினேன்.

சுப்பன்


சிவகாசி
27.11.2025

அப்பாவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

நீங்கள் வராததைக்கூட நான் எப்படியாவது விழுங்கியிருப்பேன். ஏழை வீட்டில் ஒரு பிள்ளையை மேலே ஏற்ற இன்னொன்றைப் படிக்கட்டாகப் போடுகிறார்கள். எங்கள் ஆபீசில் அப்படி வந்தவர்கள் பாதிப் பேர். முத்துமாரி அக்காவும் அப்படி வந்தவள்தான்.

ஆனால் அம்மா நான் படித்துக்கொண்டிருப்பதாக நினைத்து என்னைத் திட்டினாள். நான் அவள் தெரிந்தே கைவிட்டதாக நினைத்து அவளை வெறுத்தேன். நடுவில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வார்த்தை போதும். அவள் படுத்த படுக்கையாகக் கிடந்த நான்கு மாதத்தில் ஒரு நாள் சொல்லியிருந்தால் போதும். நான் வந்திருப்பேன். மூடிய கையைத் திறந்திருப்பேன்.

உண்மையை எழுதினீர்கள் என்று உங்களைப் பாராட்ட எனக்குத் தோன்றவில்லை. கதை ஒன்று படித்ததால் எழுதினீர்கள். நான் எழுதிய ஒன்பதைப் படித்துவிட்டுப் பொய்தான் எழுதினீர்கள்.

மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

அருணாதேவி


வேங்கிக்கால்
5.12.2025

அன்பு மகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். உடம்பு சுகத்தைப் பற்றிக் கேட்டால் நீ பதில் எழுத வேண்டிவரும். அதனால் கேட்கவில்லை.

தீபம் முந்தாநாள் முடிந்தது. கூட்டம் ஜாஸ்தி. மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம்.

உன் கடிதம் தீபத்துக்கு முதல் நாள் மத்தியானம் வந்தது. சினேகா அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். பாலாஜி வேலைக்கு லீவு போட்டிருந்தான். காலையிலேயே நீ வருவதாகச் சொல்லியிருந்தாயே, ஏன் காணோம் என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தான். பேரன் பிரதோஷ் கவரைப் பிரித்து என் கையில் கொடுத்து, "அத்தை இன்னா எழுதியிருக்காங்க, படி தாத்தா" என்றான். நான் படிப்பதைக் கேட்பதில் வீட்டில் எல்லாருக்கும் பெருமை. சினேகா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

முதலில் மனதுக்குள் படித்தேன். வேகமாகவே படிக்க முடிந்தது.

அப்புறம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடிதத்தை உயர்த்திப் பிடித்து, சத்தமாகப் படித்தேன். இனியாவுக்குக் காய்ச்சல், டாக்டர் பயணம் வேண்டாம் என்றுவிட்டார், எல்லாரையும் மிகவும் விசாரித்தேன், அண்ணனையும் அண்ணியையும் பார்க்க ஆசை, அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன் என்று படித்தேன். எங்கும் தடுமாறவில்லை. ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்குக் கண்ணைக்கூட நகர்த்தினேன்.

"பாவம், கொழந்தைக்கு எப்படி இருக்குதோ" என்றாள் சினேகா. பிரதோஷ் விளையாடப் போய்விட்டான்.

பாலாஜி மட்டும் போகவில்லை. கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். நான் கடிதத்தை மடித்தேன்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் மாற்றிப் படித்த அன்றைக்கு நானும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

சுப்பன்